ஆட்டையாம்பட்டியிலிருந்து வடக்கன்குளம் வரை

சேலத்திலிருந்து காளிப்பட்டி வழியாகத் திருச்செங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், கஞ்சமலை வடக்கே நீலமாய் ஒதுங்கி நிற்க, இருபுறமும் மரவள்ளிக் கொல்லைகளும் சேகோ ஆலைகளின் வெண்ணிறக் காய்ச்சற் களங்களும் மாறிமாறித் தோன்றி மறையும் சமவெளியின் நடுவே அமைந்திருக்கிறது ஆட்டையாம்பட்டி. அப்பெயரைக் கேட்டவுடன் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது அவ்வூர்க் கைமுறுக்கு. ஆனால் கடைவீதியை விட்டுச் சந்துகளுக்குள் சற்றே நடந்தவர்களுக்கு முதலில் நினைவில் நிற்பது தறியின் ஓசையாகத்தான் இருக்கும். விடியற்காலையில் தொடங்கி இரவு வெகுநேரம் வரை அவ்வோசை நிற்பதில்லை. அங்கே பாவு வாங்கி நெய்து கூலி பெறும் குடும்பங்களுக்கு நூல் வருவது நின்றால் அடுப்பு எரிவதும் நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். ஏனெனில் நான் மேற்கொண்ட இந்த யாத்திரைக்குக் காரணமாயிருந்தது அப்படி நூல் நிறுத்தப்பட்ட ஒரு வீட்டின் கதையே ஆகும்.

அவ்வூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், திண்ணையில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை, அவர்களுடைய சபை ஊழியர் எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். அந்த அம்மையார் நடுவயதில் ஞானஸ்நானம் பெற்றவர். பெற்ற மறுமாதமே கணவரின் உடன்பிறந்தார் கூடிப் பேசி, அவர்கள் வீட்டுத் தறிக்குப் பாவு கிடைக்காதபடி செய்துவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்கும் அழைப்பு இல்லாது போயிற்று. ஓரிரவு கூரையின்மேல் கற்களும் விழுந்தன. இவற்றையெல்லாம் அந்த அம்மையார், அயலூரில் யாருக்கோ நடந்தவற்றைச் சொல்லுவதுபோல, தார் சுற்றும் கை ஓயாமலே சொல்லிவந்தார். அந்நாட்களில் மனம் எப்படியிருந்தது என்று நான் கேட்டேன்.

“அன்னைக்கெல்லாம் மனசு லேசா இருந்துச்சுங்க தம்பி,” என்றார்.

“அதெப்படிங்கம்மா?”

“எப்படின்னு கேட்டா என்னத்தைச் சொல்றதுங்க? அவிங்க மேல எனக்குக் கோவமே வரலீங்க. கோவம் வரலீங்கறதே பெரிய சந்தோசமா இருந்துச்சு. கொழுந்தனாரு மவளுக்குப் பிரசவமுன்னு சேதி வந்தப்ப நாந்தான் போயி ராத்திரி பூராவும் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். அவிங்களும் நம்ம சனந்தானுங்களே.”

உபத்திரவத்தில் மகிழ்ச்சி என்ற பொருளைப் பற்றிப் பிரசங்க மேடைகளில் பலமுறை கேட்டிருந்த எனக்கு, கோபம் வராமற் போனதையே சந்தோஷமாகக் கண்ட அவ்வம்மையாரின் வார்த்தை முற்றிலும் புதிதாயிருந்தது. நீதியினிமித்தம் துன்புறுத்தப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்றும், நிந்தையும் பழியும் வரும்போது மகிழ்ந்து களிக்கவேண்டும் என்றும் மலைப்பிரசங்கத்தில் இயேசு கற்பித்ததை நாம் அறிவோம். எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தாரால் அடிக்கப்பட்ட அப்போஸ்தலர் சந்தோஷத்தோடு வெளியேறியதையும், பிலிப்பி நகரத்துச் சிறையில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டிருந்த பவுலும் சீலாவும் நடுநிசியில் பாடியதையும் வேதாகமத்தில் வாசித்திருக்கிறோம். பின்னாளில் விலங்கிடப்பட்டிருந்த நிலையில் அதே பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபந்தான் அவருடைய நிருபங்களுள் மகிழ்ச்சி மிகுந்தது. ஆயினும் அந்த மகிழ்ச்சி எத்தகையது? வலியை விரும்பும் விபரீதமா, பகைவனுக்கு முன்னே தலை நிமிரும் வீம்பா, மறுமைப் பலனைக் கணக்கிட்டுப் பார்க்கும் திருப்தியா என்ற கேள்வி ஒவ்வொரு விசுவாசியின் உள்ளத்திலும் எழக்கூடியதே.

ஆதித் திருச்சபை இவ்விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கையோடிருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்துப் போலிக்கார்ப்பு என்னும் முதிய ஆயர் இரத்த சாட்சியாக மரித்த வரலாற்றை எழுதிவைத்த சபையார், தானாகவே முன்வந்து அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்த குவிந்து என்பவன் காட்டுமிருகங்களைக் கண்டதும் அஞ்சிப் பின்வாங்கியதையும் அதே நிருபத்தில் குறித்து, இவ்வாறு தேடிச் சென்று அகப்படுவதைத் தாங்கள் மெச்சுவதில்லை என்று வெளிப்படையாகவே தெரிவித்திருக்கிறார்கள். ஒரு பட்டணத்தில் துன்புறுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவரும் இயேசுவே அல்லவா? துன்பத்தை அழைத்துக்கொள்பவனுடைய உற்சாகம் வேறு. வந்த துன்பத்தில் பகைமை கொள்ளாதவனுடைய சந்தோஷம் வேறு. தார் சுற்றிய அம்மையாரின் சந்தோஷம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அவ்வகைச் சந்தோஷத்தை நம் தமிழ் மண்ணில் பழைய காலத்தில் அனுபவித்தவர்களின் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டு வரவேண்டும் என்ற ஆவல் அத்திண்ணையிலேயே எனக்கு உண்டாயிற்று.

முதலிடத்தைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஆட்டையாம்பட்டியிலிருந்து வெண்ணந்தூர் வழியாக இராசிபுரம் சென்று, அங்கிருந்து கொல்லிமலையை இடப்புறம் பார்த்துக்கொண்டே தெற்கே போனால் சேந்தமங்கலம் வந்துவிடுகிறது. பாளையக்காரர் காலத்தில் பெயர் பெற்றிருந்த ஊர் அது. நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவராகச் சொல்லப்படும் இராமச்சந்திர நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஆட்சி புரிந்தார். 1623ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து வடக்கே நடந்துவந்த காவியுடைச் சந்நியாசி ஒருவர் அவருடைய அரண்மனையில் வரவேற்கப்பட்டார். உரோமாபுரியில் 1577இல் உயர்குடியில் பிறந்து, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவபோதகர் என்று பெயர் பூண்டிருந்த இராபர்ட் தெ நோபிலி என்னும் சேசுசபைக் குருவே அவர்.

அவர் எந்த மனநிலையில் இப்பக்கம் வந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பூணூலும் குடுமியும் சந்தனமும் அணிந்த நிலையிலேயே ஒருவன் கிறிஸ்தவனாயிருக்கலாம் என்று அவர் சொன்னதற்காக, பத்தாண்டுகளுக்கும் மேலாக அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர்கள் புறமதத்தார் அல்லர், அவருடைய சொந்தத் திருச்சபையாரே. கோவாவில் கூடிய சபை அவரைக் கண்டித்தது. உற்ற நண்பர்களும் கைவிட்டார்கள். 1623ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி பிறப்பித்த ஆணைதான் அவ்வழக்கை முடித்துவைத்தது. அந்நியனால் வரும் உபத்திரவத்தைவிட, ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர்களால் வரும் உபத்திரவம் கசப்பானது. அதைத் தாண்டி வந்தவரிடம் கசப்பு மிஞ்சியிருந்தால் அவர் மதுரையிலேயே ஓய்ந்திருப்பார். வழக்கு முடிந்த ஆண்டிலேயே நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அறியாத ஊர்களை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டிருக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

சேந்தமங்கலத்தில் இன்று நோபிலியின் ஞாபகச் சின்னம் எதையும் தேடிப் பயனில்லை. ஊருக்கு வெளியே தத்தகிரிக் குன்று இருக்கிறது. தத்தாத்திரேயர் சந்நிதியும், இருபதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்து மறைந்த சுயம்பிரகாச அவதூதரின் சமாதியும் அங்கே உள்ளன. சந்நியாசியை எந்த நெறியினன் என்று கேளாமல் முதலில் வணங்கிப் பின்னர் விசாரிக்கும் மரபு இம்மண்ணுக்கு உண்டு. சைவரும் வைணவரும் நிறைந்த இந்நாட்டின் தலைவர் ஒருவர் கிறிஸ்தவச் சந்நியாசிக்கு இடமளித்ததை, துன்புறுத்தலைப் பற்றி எழுதும் எவரும் மறைத்துவிட்டு எழுதுவது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால் அவர் அடுத்துச் சென்ற சேலத்தில் நிலைமை வேறாயிருந்தது. அங்கே யாரும் அவருக்கு வீடு தரவில்லை. நகருக்கு வெளியே திறந்த சாவடி ஒன்றில், வெயிலும் பனியும் காற்றும் தடையின்றிப் புக, நாற்பது நாட்கள் தங்கியிருந்தார், காய்ச்சலும் கண்டது. இதில் இரத்தமோ சிறையோ இல்லை. ஒரு நகரம் ஒரு மனிதனைப் பாராதிருந்தது, அவ்வளவே. எனினும் பாராமுகம் என்பதும் ஒரு தண்டனைதான். தறிக்கு நூல் மறுப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். நாற்பது நாட்களின் முடிவில் ஒருவர் இரங்கி அவருக்கு இருப்பிடம் கொடுத்தார். அதன்பின் நகரத்துப் பெரியோர் வந்து உரையாடத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர்களுள் முக்கியமானவர் திருமங்கல நாயக்கர். அவர் சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கரின் தமையன். ஆட்சியுரிமையை இழந்து, குடும்பத்தோடு பிறரை அண்டி வாழ்ந்துகொண்டிருந்தவர். முதலில் அவருடைய பிள்ளைகளும், பின்னர் 1625இன் இறுதியில் மோரமங்கலத்தில் அவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அரசிழந்தவருக்கும் சாவடியில் கிடந்த சந்நியாசிக்கும் இடையில் நடந்த சம்பாஷணைகள் எழுத்தில் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இன்றைய சேலத்தின் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அந்தச் சாவடி எங்கே இருந்திருக்கும் என்று எண்ணுவது வீண் முயற்சி. நோபிலிக்கு அதற்குப் பின்னும் இடுக்கண் வந்தது. 1640இல் மதுரையில் சிறையிடப்பட்டார். கண்பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூரில், 1656ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி காலமானார். கடைசி நாட்களிலும் தமிழில் நூல் சொல்லிக்கொண்டிருந்த அம்மனிதரை எண்ணியபடியே நான் தெற்கே போகும் இரயிலில் ஏறினேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானைக்கு அருகே பாம்பாற்றங்கரையில் உள்ள ஓரியூருக்குச் செல்லும் வழி சேலத்துச் சமவெளிக்கு முற்றிலும் மாறான காட்சியுடையது. மலை என்பதே கண்ணுக்குத் தென்படாத வறண்ட நிலம். கருவேலும் பனையும் கண்மாய்க்கரைகளும். நண்பகலில் நடமாட்டமற்ற ஊர்கள். அருளானந்தர் என்று தமிழ் மக்கள் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ தலை வெட்டுண்டு இறந்த மணல் அங்கே செந்நிறமாயிருக்கிறது. அந்நிறம் அவருடைய குருதியால் வந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அம்மணலை முடிந்து எடுத்துப் போகிறவர்கள் கிறிஸ்தவர் மட்டும் அல்லர்; மொட்டையடித்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வரும் இந்துக் குடும்பங்களையும் நான் அங்கே கண்டேன்.

1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி லிஸ்பன் நகரில் பிறந்து, போர்த்துகல் அரண்மனையில் இளவரசரின் தோழனாக வளர்ந்தவர் அவர். 1673இல் இந்தியா வந்து, பண்டாரச் சாமியாராகக் காவியுடுத்து, செருப்பும் புலாலும் துறந்து, மறவர் சீமையெங்கும் அலைந்தார். 1686இல் தம்முடைய உபதேசிமாரோடு பிடிபட்டு, நீரில் அமிழ்த்தப்பட்டும், கொதிக்கும் பாறையில் வெயிலில் கிடத்தப்பட்டும் வதைக்கப்பட்டார். அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்த இரகுநாத கிழவன் சேதுபதி, அவருடைய பேச்சைக் கேட்டு, இனி இந்நாட்டில் உபதேசிக்கலாகாது என்று கூறி விடுதலை செய்தார். மறு ஆண்டு அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். தோழனாயிருந்த இளவரசர் இப்போது அரசர். லிஸ்பனிலேயே தங்கிவிடும்படி அவர் வற்புறுத்தினார். தங்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர் திரும்பி வந்தார்.

வந்த இடத்தில், நோயுற்றுக் குணமடைந்த தடியத் தேவர் என்னும் அரச குடும்பத்தவர் கிறிஸ்தவராக விரும்பினார். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் இளையவளான கடலாயி சேதுபதியின் உறவினள், அவள் முறையிட்டாள், அருளானந்தர் 1693 ஜனவரி 8ஆம் தேதி கைது செய்யப்பட்டார். இக்கதையை நம் பக்தி நூல்கள் சொல்லும் முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடலாயியை வஞ்சகியாகவே வருணித்துவிட்டு அவை அப்பால் சென்றுவிடுகின்றன. கணவனால் ஒரே நாளில் கைவிடப்பட்ட பெண்ணொருத்தி தன் குலத்து அரசனிடம் நியாயம் கேட்டுப் போனதில் வஞ்சகம் என்ன இருக்கிறது? ஒரு பரிசுத்தரின் மரணத்துக்குப் பின்னே ஒரு பெண்ணின் உண்மையான துயரமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதால் அந்தப் பரிசுத்தத்தின் ஒளி குறைந்துபோகாது.

மரண தண்டனைக்காக அவர் ஓரியூருக்குக் கொண்டுவரப்பட்டார். பிப்ரவரி 3ஆம் தேதி, சிறையில் மையும் எழுதுகோலும் இல்லாமையால் கரியை நீரில் குழைத்து, துரும்பொன்றால் தம் சகோதரக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். தாம் நெடுநாள் வேண்டியிருந்த பேறு நெருங்கிவிட்டதென்று மகிழ்ந்து விடைபெறும் கடிதம் அது. மறுநாள், 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன்கிழமை. மனிதன் மண் என்பதை நினைவூட்டித் திருச்சபை தன் மக்களின் நெற்றியில் சாம்பல் இடும் அந்நாளில் அவர் ஆற்றங்கரை மேட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டார். அங்கே தம்மை வெட்ட வந்தவனை அவர் தழுவிக்கொண்டார். நாற்பத்தைந்து வயதில் அவர் தலை விழுந்தது.

இந்தத் தழுவலைத்தான் நான் ஓரியூரில் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். மரணத்துக்கு அஞ்சாதவர்கள் எல்லா நாட்டிலும் எல்லா மதத்திலும் உண்டு. கட்டபொம்மனும் அஞ்சவில்லை, மருது சகோதரர்களும் அஞ்சவில்லை. அஞ்சாமை வேறு, மகிழ்ச்சி வேறு. வாளேந்தி நிற்பவனைத் தன்னைப்போலவே ஆணைக்குக் கட்டுண்ட ஒரு மனிதனாகக் காண்பதற்கு, அவனிடமிருந்து பறித்துக்கொள்ள வேண்டியதோ அவனிடம் நிரூபிக்க வேண்டியதோ ஒன்றும் இல்லாத நெஞ்சம் வேண்டும். அப்படிப்பட்ட நெஞ்சின் விடுதலைக்கே கிறிஸ்தவ மரபு மகிழ்ச்சி என்ற பெயரைக் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1947 ஜூன் 22ஆம் தேதி அவரைப் புனிதர் என்று அறிவித்தார். மறவர் சீமையின் மக்கள் அதற்கு வெகு காலம் முன்பே அறிவித்துவிட்டிருந்தார்கள்.

ஓரியூரிலிருந்து மேலும் தெற்கே, திருநெல்வேலி கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை அணுகும்போது காற்று முகத்தில் அறைகிறது. முப்பந்தலைச் சுற்றிலும் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. கணவாயின் ஓரத்தில் காற்றாடிமலை. 1752 ஜனவரி 14ஆம் தேதி இரவு தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான். 1712 ஏப்ரல் 23ஆம் தேதி நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரசாங்கத்தில் பத்மநாபபுரத்தில் அலுவல் பார்த்தவர். கால்நடை மடிந்தும் விளைச்சல் பொய்த்தும் மனமுடைந்திருந்த வேளையில் அவருக்கு ஆறுதல் கூறியவர், 1741இல் குளச்சல் போரில் தோற்று, பின்னர் அதே திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியான டச்சுக்காரர் தெ லனாய். அவர் சொன்னது யோபின் கதை. குற்றமற்றவனுக்குத் துன்பம் ஏன் என்ற கேள்விக்கு அக்கதை விடை சொல்லுவதில்லை. விடை கிடையாமலே கடவுளைப் பற்றிக்கொண்டவன் ஒருவனை மட்டும் காட்டுகிறது. நீலகண்டனுக்கு அது போதுமானதாயிருந்தது. 1745 மே மாதத்தில் வடக்கன்குளத்தில் புத்தாரி என்னும் சேசுசபைக் குருவிடம் அவர் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார்.

அவருடைய தண்டனைக்கு மதம் காரணமா, அரண்மனை அரசியல் காரணமா என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. சாதி பேதம் பாராது தாழ்த்தப்பட்டவர்களோடு அவர் உண்டு பழகியது அரண்மனைச் சுற்றத்தாருக்குப் பொறுக்கமுடியாததாயிற்று என்பதைத் திருச்சபை மரபு உறுதியாகச் சொல்லுகிறது. 1749இல் கைதானது முதல் மூன்றாண்டுகள் அவர் பட்ட பாடு சாமானியமானதன்று. எருமையின்மீது பின்புறம் நோக்கி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். உடம்பைப் புண்படுத்துவது ஒரு பங்கு. உயர்குடியில் பிறந்தவனை நகைப்புக்கு உள்ளாக்குவது ஒன்பது பங்கு. மானத்தை உயிரினும் பெரிதாக மதிக்கும் நம் சமுதாயத்தில், மானபங்கத்தைச் சகித்துக்கொண்டு சிரித்த முகமாயிருந்தவனே பெருந்துன்பத்தை வென்றவன் என்று கருதுகிறேன்.

பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவரைக் கட்டிவைத்திருந்தார்கள். அந்த மரத்தடி நாளடைவில் மக்கள் கூடும் இடமாயிற்று. குறை சொல்ல வந்தவர்களுக்கு அவர் ஆறுதல் கூறினார்; காவலாளிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுண்டவனிடம் கட்டற்றவர்கள் ஆறுதல் தேடி வந்தார்கள் என்பதே விந்தை. தாகத்தால் வருந்திய அவர் முழங்கையால் மோதியபோது நீர் சுரந்தது என்று புலியூர்க்குறிச்சியில் காட்டப்படும் பாறையையும், அவர் இறந்தபோது மணியோசை எழுப்பியதாகக் காற்றாடிமலையில் சொல்லப்படும் பாறையையும் நான் மரியாதையோடு தொட்டு வணங்கினேன். ஆனால் என் உள்ளம் அந்த அற்புதங்களைவிட வேப்பமரத்தடியிலேயே அதிகம் தங்கிற்று. காட்டில் எறியப்பட்ட அவருடைய எலும்புகளைச் சில நாட்களுக்குப் பின் விசுவாசிகள் கண்டெடுத்து, கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

2022 மே 15ஆம் தேதி உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. அவர் எதற்காகத் துன்புற்றாரோ அதற்கு அதுவே பொருத்தமான மரியாதை. அதே நாளில் புனிதராக்கப்பட்டவர்களுள் டச்சு நாட்டுக் கார்மேல் சபைத் துறவி தீத்துஸ் பிரான்ஸ்மாவும் ஒருவர். நாஜிகளை எதிர்த்து எழுதிய அவரை 1942 ஜூலையில் டாக்கவ் முகாமில் நச்சு ஊசி போட்டுக் கொன்றார்கள். ஊசி போட்ட தாதிக்கு அவர் தம் ஜெபமாலையைக் கொடுத்திருந்தார். பிற்காலத்தில் அவரைக் குறித்துச் சாட்சி சொல்ல முன்வந்தவர்களுள் அந்தத் தாதியும் ஒருத்தி. ஓரியூரில் தழுவிய கைகளும் டாக்கவில் ஜெபமாலை நீட்டிய கைகளும் இரண்டரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே செயலைச் செய்திருக்கின்றன.

கோட்டாற்றோடு பெரும்பாலான யாத்திரிகர்கள் திரும்பிவிடுகிறார்கள். நான் கணவாயைத் திரும்பக் கடந்து வடக்கன்குளத்துக்குப் போனேன். தேவசகாயத்தின் மனைவி பார்கவி, ஞானப்பூ என்ற ஞானப்பெயரோடு அடக்கமாகியிருப்பது அங்கேதான். கணவர் கொல்லப்பட்டபின் பிறந்த வீடும் புகுந்த வீடும் இழந்து, அரச பயத்தால் எல்லை தாண்டி, 1766இல் இறக்கும்வரை அவ்வூரிலேயே ஜெபத்திலும் தனிமையிலும் அவர் வாழ்ந்தார். மலைமேல் ஓரிரவில் முடிந்துபோன சாட்சியம் ஒன்று; பதினான்கு ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் எழுந்து புதிதாகத் தொடங்கவேண்டிய சாட்சியம் மற்றொன்று. முன்னதை விடப் பின்னது எளிதென்று நான் நினைக்கவில்லை. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரகாம் ஸ்டெயின்சும் இரு சிறு புதல்வர்களும் வண்டியோடு எரித்துக் கொல்லப்பட்டபின், கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாகக் கூறி, பாரிபதாவில் தொழுநோயாளர் பணியை விட்டுப் போகாமல் மேலும் சில ஆண்டுகள் தங்கிய கிளாடிஸ் அம்மையாரும் இந்த இரண்டாம் வகைச் சாட்சியரே. அவர் கணவரின் அடக்கத்தின்போது தம் மகளோடு சேர்ந்து பாடினார் என்பதை அக்காலத்துச் செய்தித்தாள்களில் வாசித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1872இல் ஆலயமொன்றைப் பீடத்தில் மட்டும் ஒன்றுசேரும் இரு கைகளாகக் கட்டி, இடையே சுவரெழுப்பி, ஒரு சாதியார் ஒரு பக்கமும் மறு சாதியார் மறு பக்கமுமாக அமர்ந்து ஒரே அப்பத்தை வாங்கினார்கள். எல்லோரோடும் பந்தியமர்ந்ததற்காக எருமைமேல் ஏற்றப்பட்ட ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், அவருடைய விசுவாசத்தின் வாரிசுகள் அந்தச் சுவரைக் கட்டியதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. துன்புற்றவர்களின் பிள்ளைகள் துன்புறுத்துகிறவர்களாக மாறுவதற்கு ஒரு நூற்றாண்டே போதுமானதாயிருந்திருக்கிறது. 1910இல் கௌசானல் என்னும் குரு அச்சுவரை இடித்தபோது அவர்மேல் வழக்குத் தொடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே; நீதிமன்றம் குருவின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று.

ஞானப்பூ அம்மையாரின் கல்லறைக்கு நான் சென்ற மாலையில் உள்ளூர்ப் பெண்கள் சிலர் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். ஒருவர் தம் மகளுக்கு வரன் அமையவேண்டும் என்றார்; மற்றொருவர் வளைகுடா நாட்டிலிருக்கும் மகனுக்காக ஜெபிக்க வந்ததாகச் சொன்னார். காற்றாடிமலைக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கினராவது இங்கே வருவதுண்டா என்று கேட்டேன். “இப்பந்தான் கொஞ்சம் கொஞ்சமா வாராவ” என்றார் மூத்தவர். இனி அம்மலைக்கு யாத்திரை போகிறவர்கள் அன்றே சற்று நேரம் ஒதுக்கி இவ்வூருக்கும் வந்துபோகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணவாயிலிருந்து தூரம் அதிகமில்லை, பேருந்தும் இருக்கிறது.